சர்க்கரை ‘பார்டரில்’ இருக்கிறதா? முதல் மூன்று மாதங்களுக்கு ஒரு வழிகாட்டி

அலுவலகத்தில் ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கும் பரிசோதனையிலோ, பல் பிடுங்கவோ கண் அறுவை சிகிச்சைக்கோ போன இடத்தில் எடுத்த ரத்தத்திலோதான் பெரும்பாலோருக்கு இது தெரிய வருகிறது. தாளில் ‘ஃபாஸ்டிங் 112’ என்று தடித்த எழுத்தில் இருக்கும். மருத்துவர் பார்த்துவிட்டு, “பார்டரில் இருக்கிறது. இப்போதைக்கு மாத்திரை வேண்டாம். சாப்பாட்டில் கவனமாக இருங்கள், நன்றாக நடங்கள்” என்பார். அதற்குள் அடுத்த டோக்கன்காரர் உள்ளே வந்துவிடுவார். எதில் கவனம், எவ்வளவு நடை, எத்தனை நாளைக்கு என்ற கேள்விகளெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான் எழும். அங்கே பதில்களுடன் காத்திருப்பவர்கள் பெரியப்பாவும் எதிர்வீட்டு மாமியும் குடும்ப வாட்ஸ்அப் குழுவும்.

ஒருவர் ஆவாரம்பூ என்பார், இன்னொருவர் வெந்தயம் என்பார், மூன்றாமவர் அரிசியை அடியோடு நிறுத்திவிட்டு வரகுக்கு மாறச் சொல்வார். ஒரே வாரத்தில் அடுக்களை நாட்டு மருந்துக் கடையாகிவிடும். இரண்டாவது வாரம் சலிப்பு தட்டும். மூன்றாவது வாரம் பழைய தட்டு, பழைய நேரம், பழைய அளவு.

என் கருத்து வேறு. அடுக்களையில் ஏற்கெனவே இருக்கும் பொருட்களில் பெரும்பாலானவற்றை மாற்ற வேண்டிய தேவையே இல்லை. எவ்வளவு சாப்பிடுகிறோம், எதை முதலில் சாப்பிடுகிறோம், எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறோம், சாப்பிட்ட பிறகு என்ன செய்கிறோம் என்பவற்றை மாற்றினால் போதும். இதை முதல்முறையாகத் தொடங்குபவர்களுக்காகவே கீழே உள்ளவை. ஏற்கெனவே சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர்களும், கருவுற்றிருப்பவர்களும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் தங்கள் மருத்துவரிடம் கேட்காமல் இதை அப்படியே பின்பற்ற வேண்டாம். மருந்து உள்ளே இருக்கும்போது உணவைத் திடீரென்று குறைத்தால் சர்க்கரை மிகவும் தாழ்ந்து மயக்கம் வரலாம்.

முதலில் தாளைப் படியுங்கள்

மூன்று எண்கள் முக்கியம். எட்டு மணி நேரமாவது எதுவும் சாப்பிடாமல் கொடுக்கும் ரத்தத்தில் சர்க்கரை ஒரு டெசிலிட்டருக்கு (100 மில்லிலிட்டர்) 100 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் இயல்பு. 100 முதல் 125 வரை பார்டர். 126-ம் அதற்கு மேலும் நீரிழிவு. உலக சுகாதார நிறுவனம் இந்தப் பார்டரை 110-லிருந்துதான் தொடங்குகிறது. அதனால்தான் 104 என்று வந்த ஒருவரிடம் ஒரு மருத்துவர் “ஒன்றுமில்லை” என்றும், இன்னொருவர் “கவனம்” என்றும் சொல்கிறார்கள்.

இரண்டாவது எண், 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்ப்பது. 140-க்குக் கீழே இயல்பு, 140 முதல் 199 வரை பார்டர், 200 முதல் நீரிழிவு. பல ஆய்வகங்களில் குளுக்கோஸுக்குப் பதிலாக “டிபன் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்” என்று அனுப்பிவிடுகிறார்கள். அன்றைக்கென்று ஒரே ஒரு இட்லியோடு எழுந்து வருபவர்களும் உண்டு, பொங்கல் வடையை ஒரு பிடி பிடித்துவிட்டு வருபவர்களும் உண்டு. இரண்டு பேரின் எண்ணையும் ஒப்பிட முடியாது. சாப்பிட்டுப் பார்ப்பதென்றால் வழக்கமாகச் சாப்பிடுவதையே சாப்பிடுங்கள். இரண்டு மணி நேரத்தை முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து கணக்கிடுங்கள், கை கழுவிய நேரத்திலிருந்து அல்ல.

மூன்றாவது, ‘மூன்று மாதச் சராசரி’ என்று பலரும் சொல்லும் எச்பிஏ1சி. சிவப்பணுக்களின் ஆயுள் சுமார் 120 நாள். அவற்றில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்பதுதான் இந்தச் சோதனை. 5.7-க்குக் கீழே இயல்பு, 5.7 முதல் 6.4 வரை பார்டர், 6.5 முதல் நீரிழிவு. இதற்கு வெறும் வயிற்றில் போக வேண்டியதில்லை. ஆனால் ரத்தசோகை இருந்தால் இந்த எண் தவறான படத்தைக் காட்டலாம். நம் வீட்டுப் பெண்களில் ரத்தசோகை சாதாரணம் என்பதால், ஹீமோகுளோபின் அளவையும் சேர்த்தே பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

இந்தப் பார்டரில் நிற்பவர்கள் கொஞ்சநஞ்சமல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிதியுதவியுடன் சென்னை நீரிழிவு ஆராய்ச்சியாளர்கள் நடத்திய நாடு தழுவிய ஆய்வின் முடிவுகள் 2023-ல் வெளியாயின. அதன்படி இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு. பார்டரில் சுமார் 13.6 கோடிப் பேர். வரிசையில் நிற்பவர்கள் உள்ளே இருப்பவர்களைவிட அதிகம்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. சென்னை மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில், பார்டரில் இருந்த 531 இந்தியர்களைச் சுமார் மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2006-ல் வெளிவந்தது. வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேர் மூன்றாண்டில் நீரிழிவுக்குள் போய்விட்டார்கள். உணவையும் நடையையும் ஒழுங்குபடுத்திய குழுவில் அது 39 சதவீதத்துக்குச் சற்று மேல். மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் எடுத்த குழுவிலும் கிட்டத்தட்ட அதே அளவுதான். மாத்திரையும் ஒழுங்கும் சேர்ந்தபோது கூடுதல் பயன் எதுவும் தெரியவில்லை. அவர்களுக்குச் சொல்லப்பட்டது என்ன? அரைமணி நேர நடை, மாவுச்சத்தைக் குறை, சர்க்கரையைத் தவிர், எண்ணெயைக் குறை. பெரியப்பா பட்டியலில் இருந்த பொடி எதுவும் அதில் இல்லை.

தையல் டேப்பை எடுங்கள்

எடை பார்க்கும் கருவி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, தையல் டேப் ஒன்று வேண்டும். சட்டையைத் தூக்கிவிட்டு, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்முனைக்கும் நடுவே டேப்பைச் சுற்றுங்கள். வயிற்றை எக்கக் கூடாது. மூச்சை இயல்பாக விட்ட நிலையில் அளவு எடுக்க வேண்டும். நம்மைப் போன்ற தெற்காசியர்களுக்கு ஆண்களானால் 90 சென்டிமீட்டர், பெண்களானால் 80 சென்டிமீட்டர் எல்லை.

“என் பேன்ட் அளவு 34 தான்” என்று சொல்லும் ஆண்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் பேன்ட்டைத் தொப்பைக்குக் கீழே கட்டுகிறீர்கள். பேன்ட்டின் அளவு அப்படியே இருக்கும், வயிறு மட்டும் அதன் மேல் வளர்ந்துகொண்டே போகும். ஒல்லியான கை கால்களும் முன்தள்ளிய வயிறும் கொண்ட உடல்வாகு நம்மவர்களிடம் அதிகம். அந்த வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிச் சேரும் கொழுப்புதான், ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையைத் தசைகளுக்குள் அனுப்பும் இன்சுலின் என்ற சுரப்பைச் சரியாக வேலை செய்ய விடாமல் தடுக்கிறது. ஆகவே எடை 65 கிலோதானே என்று நிம்மதி அடைய வேண்டாம். அளவைக் காலண்டரில் தேதியோடு எழுதி வையுங்கள். அடுத்த அளவு ஒரு மாதம் கழித்துத்தான். தினமும் டேப்பைச் சுற்றுவதால் வீண் கவலைதான் மிஞ்சும்.

ஒரு வாரம் எதையும் மாற்றாமல் எழுதுங்கள்

முதல் வாரம் பத்தியம் எதுவும் வேண்டாம். சட்டைப் பையிலோ கைப்பையிலோ ஒரு சின்ன நோட்டு போதும். வாயில் போனதெல்லாம் நேரத்தோடு அதில் ஏற வேண்டும். பதினோரு மணி டீயும் அதனுடன் வந்த இரண்டு பிஸ்கட்டும், பிள்ளை தட்டில் மிச்சம் வைத்த அரைத் தோசையும், சமைக்கும்போது உப்பு பார்த்ததும், டிவி முன்னால் டப்பாவோடு உட்கார்ந்து தின்ற மிக்சரும் எல்லாம் அதில் சேர்த்தி. “நான் மூன்று வேளைதான் சாப்பிடுகிறேன்” என்பவர்களின் நோட்டில் எட்டு ஒன்பது வரிகள் இருப்பது சாதாரணம். எந்த நேரத்தில் பசியால் சாப்பிட்டீர்கள், எந்த நேரத்தில் சும்மா கை போயிற்று என்பது ஒரு வாரத்திலேயே பளிச்சென்று தெரிந்துவிடும். கை சும்மா போன இடங்களிலிருந்து குறைக்கத் தொடங்குவதுதான் சுலபம்.

டீயிலிருந்து தொடங்குங்கள்

நாளைக்கு நான்கு டீ அல்லது காபி, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டிச் சர்க்கரை என்று வைத்துக்கொள்வோம். ஒரு தேக்கரண்டி நான்கு ஐந்து கிராம். ஆக மொத்தம் 32 முதல் 40 கிராம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு நல்லது என்று சொல்லும் அளவு, எல்லா உணவிலும் சேர்க்கப்படும் சர்க்கரையையும் கூட்டினால்கூட ஏறக்குறைய 25 கிராம்தான். இனிப்பைத் தொடாமலேயே டீ மட்டும் அந்தக் கணக்கைத் தாண்டிவிடுகிறது.

ஒரே நாளில் நிறுத்துபவர்களில் பலர் பத்தே நாளில் திரும்பிவிடுகிறார்கள். வாரத்துக்கு அரைக் கரண்டியாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள், நாக்கு பழகிவிடும். வீட்டில் இது எளிது, டீக்கடையில்தான் சிக்கல். மாஸ்டர் கண்ணாடித் தம்ளர்களை வரிசையாக வைத்து முதலில் சர்க்கரையைத்தான் போடுவார், அதன் பிறகுதான் பாலும் டிகாஷனும். நீங்கள் வாயைத் திறப்பதற்குள் சர்க்கரை தம்ளரின் அடியில் உட்கார்ந்திருக்கும். எனவே கடைக்குள் நுழையும்போதே, “மாஸ்டர், சர்க்கரை இல்லாமல் ஒரு டீ” என்று சொல்லிவிட வேண்டும். ‘கம்மியாக’ என்று சொன்னால் அது அவரவர் கையளவைப் பொறுத்தது. இரண்டு வாரம் தொடர்ந்து சொன்னால், உங்களைத் தூரத்தில் பார்த்ததுமே ஒரு தம்ளரைத் தனியாக ஒதுக்கி வைப்பார்.

வெல்லம், நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் ஆகியவற்றைப் பற்றி நல்ல வார்த்தை கேட்க விரும்புபவர்களுக்கு என்னிடம் நல்ல செய்தி இல்லை. சுவையிலும் மணத்திலும் அவை உயர்ந்தவைதாம். ரத்தத்தில் சேரும்போது அவையும் சர்க்கரைதான். கருப்பட்டிக் காபி குடிக்க ஆசையாக இருந்தால் குடியுங்கள், ஆனால் மருந்து என்று நினைத்து இரண்டாவது தம்ளர் கேட்காதீர்கள். பாலில் கலந்து குடிக்கும் டப்பா ‘சத்துப் பான’ங்களின் பின்புற அட்டவணையையும் ஒருமுறை படியுங்கள். பலவற்றில் சர்க்கரை முன்வரிசையில் நிற்கும்.

சோறு

இதுதான் நம் ஊரில் உண்மையான பிரச்சினை, ஆகவே இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

நம் மதிய உணவின் அமைப்பே சோற்றைப் பெருக்குவதற்கென்று அமைந்தது. குழம்புக்கு ஒரு சோறு, ரசத்துக்கு ஒரு சோறு, மோருக்கு ஒரு சோறு. ஒவ்வொரு முறையும் “கொஞ்சம்தான் போட்டேன்” என்று தோன்றும். காய் தட்டின் ஓரத்தில் ஒரு கரண்டி, தொட்டுக்கொள்ள மட்டும்.

இதை உடைக்க ஒரே ஒரு பழக்கம் போதும்: அந்த வேளைக்கான மொத்தச் சோற்றையும் முதலிலேயே, ஒரே தடவையில் போட்டுக்கொள்ளுங்கள். அளவுக்கு வீட்டில் இருக்கும் ஒரு கிண்ணத்தைத் தேர்ந்தெடுத்து, தினமும் அதே கிண்ணத்தையே பயன்படுத்துங்கள். கவிழ்த்த சோற்றைக் கைவிரலால் மூன்றாகப் பிரியுங்கள். ஒரு பங்கு குழம்புக்கு, ஒன்று ரசத்துக்கு, ஒன்று மோருக்கு. பாத்திரத்தை மேசையில் வைக்காமல் அடுக்களையிலேயே மூடி வைத்துவிடுங்கள். எழுந்து போய்ப் போட்டுக்கொள்ள வேண்டும் என்றால் பாதி ஆசை அடங்கிவிடும். எவ்வளவு கிண்ணம் என்று கேட்டால், உடலுழைப்பையும் எடையையும் பொறுத்து மாறும். நாள் முழுக்க வயலில் நிற்பவருக்கும் கணினி முன் உட்கார்ந்திருப்பவருக்கும் ஒரே அளவைச் சொல்ல முடியாது. தொடக்கத்துக்கு, இப்போது சாப்பிடுவதில் மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள். அந்த இடத்தில் காய் உட்கார வேண்டும். தட்டில் பாதி காயும் கீரையும், கால் பங்கு பருப்போ பயறோ முட்டையோ மீனோ, மீதிக் கால் பங்கு சோறு என்பதுதான் போய்ச் சேர வேண்டிய இடம். அங்கே போய்ச் சேர ஒரு மாதம் எடுத்துக்கொள்ளலாம்.

காய் என்றால் அவரை, கொத்தவரை, பீர்க்கை, புடலை, முட்டைக்கோஸ், வெண்டை, வாழைத்தண்டு, வாழைப்பூ, எந்தக் கீரையும். உருளை, சேப்பங்கிழங்கு, மரவள்ளி, சக்கரவள்ளி எல்லாம் பொரியல் கிண்ணத்தில் வந்தாலும் சோற்றுக் கணக்கில்தான் சேரும். உருளைக்கிழங்கு வறுவல் செய்கிற நாளில் சோற்றில் இன்னொரு பிடி குறையுங்கள்.

அடுத்தது வரிசை. காயையும் சுண்டலையும் முதலில் சாப்பிட்டு முடித்துவிட்டு, அதன் பிறகு சோற்றில் கை வையுங்கள். நார்ச்சத்தும் புரதமும் முன்னால் போனால், பின்னால் வரும் மாவுச்சத்து மெதுவாகத்தான் ரத்தத்தில் கலக்கும். அதே உணவு, அதே அளவு. வரிசையை மாற்றினாலே சாப்பிட்ட பிறகான ஏற்றம் குறைகிறது. செலவில்லாத வேலை. மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்ததும் காய் டப்பாவை முதலில் காலி செய்வது என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

வடித்த சோறா, குக்கர் சோறா என்ற விவாதத்தில் நேரத்தை வீணாக்க வேண்டாம். அளவுதான் பேச வேண்டும். பழைய சோறு நல்லதா என்றால், ஆறிய சோற்றில் மாவுச்சத்தின் ஒரு சிறு பகுதி எளிதில் செரிக்காத வடிவத்துக்கு மாறுகிறது. அது உண்மைதான். அதற்காக அதை இரட்டிப்பாகச் சாப்பிட்டால் கணக்கு பழையபடி ஆகிவிடும்.

சிறுதானியம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கடையில் பளபளவென்று வெள்ளையாக விற்கும் சாமையும் வரகும் தவிடு நீக்கப்பட்டவை. அவற்றைக் குழைய வேகவைத்து வயிறு நிரம்பச் சாப்பிட்டால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். கேழ்வரகை நைசாக அரைத்துக் கஞ்சியாகக் குடிப்பதும் அப்படித்தான். அரைத்ததும் கரைத்ததும் விரைவாகச் செரித்துவிடும். பிடித்திருந்தால் தாராளமாகச் சாப்பிடுங்கள், அதே கிண்ணத்தின் அளவில்.

காலை உணவில் இட்லி, தோசை இருக்கட்டும். எண்ணிக்கையை ஒன்று குறைத்து, காய் போட்ட சாம்பாரைக் கூட்டுங்கள். கூடவே ஒரு அவித்த முட்டையோ ஒரு கைப்பிடிச் சுண்டலோ இருந்தால் பதினோரு மணிப் பசி வராது, பிஸ்கட்டும் வராது. பொங்கல், பூரி, வடை எல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்கு. மாலையில் பஜ்ஜிக்குப் பதில் வேர்க்கடலையோ சுண்டலோ போதும். பழங்களில் கொய்யா, பப்பாளி, நெல்லி, ஒரு சிறு வாழைப்பழம் இவற்றில் ஒன்றை இரண்டு வேளைக்கு நடுவில் சாப்பிடலாம். மாம்பழக் காலத்தில் இரண்டு துண்டு என்று எல்லை வைத்துக்கொள்ளுங்கள், சோற்றுக்குப் பின்னால் வேண்டாம். எதையும் ஜூஸாக்கிக் குடிக்காதீர்கள். மூன்று ஆரஞ்சை யாரும் ஒரே மூச்சில் தின்பதில்லை, ஆனால் குடித்துவிடுகிறோம்.

உப்பு ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது ஐந்து கிராமுக்குள். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சேர்ந்து வருவது அதிகம் என்பதால் ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றும் ஒரே வேளையில் தட்டில் கூட வேண்டாம்.

இரவுச் சாப்பாட்டு நேரம்

பத்தரை மணிக்குப் பரோட்டாவையோ தோசையையோ சாப்பிட்டுவிட்டுப் பதினோரு மணிக்குப் படுப்பது நகர வாழ்க்கையில் நிலைபெற்றுவிட்டது. மாலை ஏற ஏற உடல் சர்க்கரையைக் கையாளும் திறன் குறைகிறது. அந்த நேரத்தில்தான் நாம் நாளின் கனமான உணவைச் சாப்பிடுகிறோம். எட்டு மணிக்குள் முடிப்பதும், படுப்பதற்கு முன் இரண்டு மணி நேர இடைவெளி விடுவதும் இலக்கு.

கடை வைத்திருப்பவர்களும் ஷிஃப்ட் வேலைக்காரர்களும் “பத்து மணிக்குத்தானே ஷட்டரை இறக்குகிறேன், எட்டு மணிக்கு எப்படி?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஏழரை மணிக்குக் கடையிலேயே டிபன் டப்பாவைத் திறந்து இரண்டு சப்பாத்தியும் காயும் சாப்பிட்டுவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஒரு தம்ளர் மோர், வேண்டுமானால் ஒரு கிண்ணம் காய். வீட்டில் எல்லோரும் காத்திருப்பார்கள் என்பது உண்மையான சங்கடம்தான். அவர்களுடன் உட்காருங்கள், பேசுங்கள், தட்டு மட்டும் சிறியதாக இருக்கட்டும்.

நடை

காலை ஐந்து மணிக்கு எழுந்து புது ஷூ மாட்டி ஒரு மணி நேரம் நடப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மரியாதை உண்டு. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன். மழை ஒரு நாள், கல்யாணம் ஒரு நாள், தூக்கம் ஒரு நாள் என்று அது இரண்டாவது வாரமே அறுந்துவிடுகிறது.

சாப்பிட்டு முடித்ததும் பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பதிலிருந்து தொடங்குங்கள். சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையின் பெரும்பகுதியை இழுத்துக்கொள்வது தசைகள். அந்த நேரத்தில் கால் தசைகள் வேலை செய்தால் இன்சுலினின் துணை அதிகம் இல்லாமலே அவை சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். வேகம் தேவையில்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் மொட்டை மாடியில் போனில் பேசிக்கொண்டே நடக்கலாம். தெருமுனை வரை போய் வரலாம். மழை நாளில் கூடத்துக்கும் அடுக்களைக்கும் இடையே நடக்கலாம். மதியம் அலுவலகத்தில் சாப்பிட்ட கையோடு நாற்காலிக்குத் திரும்பாமல் இரண்டு மாடி இறங்கி ஏறுங்கள்.

அது பழகிய பிறகு வேக நடைக்கு வாருங்கள். வாரத்துக்கு 150 நிமிடம், அதாவது ஐந்து நாள் அரைமணி நேரம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். பூங்காவில் நான்கு பேர் கைகோத்து அரசியல் பேசியபடி போவது நட்புக்கு நல்லது, இந்தக் கணக்கில் சேராது. பூங்கா வாசலில் காத்திருக்கும் சூடான வடையும் சேராது. தமிழக அரசு 2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்ற திட்டத்தில் மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதை ஒன்றை அடையாளம் கண்டு அறிவித்தது. உங்கள் ஊரில் அது எங்கே என்று விசாரித்துப் பாருங்கள். அக்னி நட்சத்திர நாட்களில் காலை ஏழு மணிக்கு முன்னாலோ பொழுது சாய்ந்த பிறகோதான் நடை. நடக்கும்போது நெஞ்சில் அழுத்தமோ, இடது கையிலோ தாடையிலோ வலியோ, வழக்கமில்லாத மூச்சிரைப்போ வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஐம்பது வயதைத் தாண்டியவர்களும் புகைப்பவர்களும் வேக நடைக்கு முன்பு ஒருமுறை இதயத்தைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது.

நடையோடு நின்றுவிடாதீர்கள். தசை குறையக் குறையச் சர்க்கரை போய்த் தங்கும் இடமும் குறையும். வாரம் இரண்டு நாள், நாற்காலியில் கையை ஊன்றாமல் பத்துத் தடவை உட்கார்ந்து எழுந்திருங்கள். சுவரில் இரு கைகளையும் ஊன்றித் தள்ளுங்கள், அதுவும் பத்து. சற்று ஓய்வெடுத்து மறுபடியும் ஒரு சுற்று. மூட்டு இடம் கொடுத்தால் தரையில் சம்மணமிட்டுச் சாப்பிட்டுவிட்டு, கையை ஊன்றாமல் எழுந்து பழகுங்கள். முடியாதபோதுதான் எத்தனை ஆண்டுகளாக நாற்காலியை விட்டு இறங்கவில்லை என்பது தெரியும்.

தூக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஏழு மணி நேரம் வேண்டும். தூக்கம் குறைந்த மறுநாள் பசியும் கூடும், இன்சுலினின் வேலையும் மந்தமாகும். குறட்டை பலமாக இருந்து, பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் சொக்கினால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். பீடி, சிகரெட், பான் மசாலா எதுவானாலும் விட்டுவிடுங்கள். அதில் குறைந்த அளவு என்று ஒன்று கிடையாது.

கல்யாணப் பந்தியும் வீட்டு அடுக்களையும்

ஆவணி, தை, வைகாசியில் முகூர்த்தங்கள் வரிசைகட்டி வரும். பந்தியில் உட்காராமல் இருக்க முடியாது, உட்கார்ந்தால் பரிமாறுபவர் விட மாட்டார். இலையில் முதலில் வந்து விழுவது காய் வகைகள்தான் என்பது நமக்குச் சாதகம். சோறு வருவதற்குள் பொரியலையும் கூட்டையும் கோசுமல்லியையும் முடித்துவிடுங்கள், கூட்டு இன்னொரு முறை கேட்டு வாங்கலாம். சாம்பார் சோறு ஒரு முறை, அதன் பிறகு நேரே மோர். இனிப்பில் ஒரு விள்ளல் எடுத்தால் போதும். ‘தொடவே இல்லையா’ என்ற விசாரணையிலிருந்தும் தப்பிக்கலாம். பாயச வாளி நெருங்கும்போது வாயால் மறுத்துப் பயனில்லை, கையை இலைக்கு மேலே குறுக்காக வையுங்கள். “சுகர்” என்ற ஒரு சொல்லுக்கு நம் ஊர்ப் பந்தியில் இருக்கும் மரியாதை வேறெதற்கும் இல்லை. கூச்சப்படாமல் பயன்படுத்திக்கொள்ளலாம்.

வீட்டில் உங்களுக்கென்று தனிச் சமையல் கேட்காதீர்கள். சமைப்பவருக்கு அது இரட்டை வேலை. தனித் தட்டில் வரும் பத்தியச் சாப்பாடு உங்களுக்கும் தண்டனை போலத் தோன்றும். நோய் குடும்பத்தில் ஓடுவது என்பதால், காய் கூடிய சோறு குறைந்த தட்டு பெரியவர்கள் எல்லோருக்கும் பொருந்தும். காய் நறுக்கும் வேலை இதனால் கூடும். அந்த வேலையில் பாதியை நீங்கள் எடுத்துக்கொண்டால்தான் இந்த ஏற்பாடு மூன்று மாதம் தாண்டி நிற்கும். குறிப்பாக ஆண்களுக்குச் சொல்கிறேன்: அவரைக்காய்க்கு நார் எடுப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

மூன்று மாதம் கழித்து

அதே ஆய்வகத்தில், காய்ச்சல், சளி எதுவும் இல்லாத வாரத்தில், மறுபடியும் ரத்தம் கொடுங்கள். நோய்த்தொற்றின்போதும், ஸ்டீராய்டு மருந்து எடுக்கும்போதும் சர்க்கரை தற்காலிகமாக ஏறும். அந்த எண்ணை வைத்துக்கொண்டு கலங்க வேண்டாம். பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்னால் மட்டும் பட்டினி கிடந்து ஃபாஸ்டிங் எண்ணைக் குறைத்துக் காட்டுபவர்கள் உண்டு; எச்பிஏ1சி அவர்களைக் காட்டிக்கொடுத்துவிடும். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் சர்க்கரைப் பரிசோதனை இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பணியாளர்கள் வீட்டுக்கே வந்தும் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள்.

எண் குறைந்திருந்தால், அதே பழக்கத்தோடு ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனை போதும். இருந்த இடத்திலேயே இருந்தால் அதுவும் தோல்வி இல்லை, ஏறாமல் நின்றிருக்கிறது. நோட்டை மறுபடியும் ஒரு வாரம் எழுதிப் பாருங்கள், பெரும்பாலும் இரவுச் சாப்பாட்டு நேரமோ டீ எண்ணிக்கையோ சத்தமில்லாமல் பழைய இடத்துக்குத் திரும்பியிருக்கும். எல்லாம் சரியாகச் செய்தும் ஏறியிருந்தால் மருத்துவர் மாத்திரை எழுதலாம். வாங்கிச் சாப்பிடுங்கள், அதற்காக வெட்கப்பட ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையை மட்டும் கடன் வாங்காதீர்கள். அடக்க முடியாத தாகம், இரவில் பலமுறை சிறுநீர், காரணமில்லாமல் எடை குறைவது ஆகியவை இருந்தால் மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம், மறுநாளே பரிசோதனைக்குப் போங்கள்.

தாளைக் கையில் வாங்கிய அன்றே இன்னும் இரண்டு பேரிடம் பேச வேண்டும். ஒருவர் உங்கள் உடன்பிறந்தவர். உங்களுக்குப் பார்டர் என்றால் அவரும் பார்த்துக்கொள்வது நல்லது. இன்னொருவர், கர்ப்ப காலத்தில் சர்க்கரை வந்து பிரசவத்துக்குப் பின் “சரியாகிவிட்டது” என்று விட்டுவிட்ட அக்காவோ தங்கையோ மனைவியோ. அவர்களுக்குப் பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட மிக அதிகம். பிரசவமாகி ஆறு வாரத்தில் ஒருமுறையும் பிறகு ஆண்டுதோறும் அவர்கள் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். குழந்தையின் தடுப்பூசி அட்டையைத் தேதி தவறாமல் பார்க்கிற வீடுகளில்கூட இந்தத் தேதியை யாரும் குறித்து வைப்பதில்லை. அடுத்த முறை போகும்போது அவரையும் அழைத்துக்கொண்டு போங்கள், இரண்டு பேரும் வெறும் வயிற்றில்.